சேனை வச்ச விரல்

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், நாளைக்குக் காலையில எனக்கு வைக்கிற இட்லியில கல்லு கிடந்து முன்பல்லு ரெண்டும் போகட்டும். மிச்சமிருக்கதே கொஞ்சம் பல்லு. அதை அடகு வச்சுச் சொல்லுதேன், அம்புட்டும் நெசம். ஆவுடைத்தாய் மனசுக்குள்ள ஓடினது உமக்கெப்படிவே தெரியும்னு கேக்காதீக. ஆஸ்பத்திரியிலருந்து மாத்துத்துணி எடுக்க வந்தவ எங்கிட்ட உக்காந்து ஒண்ணுவிடாமச் சொல்லிட்டுப் போனா. இந்தக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவ அவ. மனசுல ஒண்ணு தோணுனா அடுத்த நிமிசம் அது வாய்க்கு வந்துரும், கண்டக்டர் டிரைவர்னு பாக்க மாட்டா. அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல்லு மட்டும் வாய்க்கு வராம உள்ள தங்கிப்போச்சு. அதுதான் கதை.

பெரியாஸ்பத்திரியில பல்லு பாக்குற கட்டடம் தனி. அதுல மாடியில, சன்னலோரமா ஒரு நாற்காலியில ஆவுடைய உக்கார வச்சிருந்தாக. கையில ஒரு பிளாஸ்டிக் குழாய், அது வாயில சின்னப் புனல். "அம்மா, தலையைக் குனிஞ்சு உதட்டைப் புனல்ல வச்சுக்கோங்க. எச்சில் தானா ஊறித் தானா விழணும். காறக் கூடாது, துப்பக் கூடாது, முழுங்கக் கூடாது. பேசவே கூடாது"ன்னா டாக்டரம்மா ஷைனி. படிச்சு முடிச்ச பெறகும் படிச்சுக்கிட்டே இருக்க பிள்ளை, ஆவுடைக்கு மக வயசு. "பேசாம இருக்கதுக்கு என்னைய ஏன் தாயி பிடிச்சீக? கீழ வரிசையில எம்புட்டு வாயில்லாப்பூச்சி நிக்கி." "அதுக்குள்ள பேசிட்டீங்க பாருங்க." "இது கடைசி." "இதுவும் பேச்சுதான்ம்மா." ஆவுடை உதட்டைப் புனல்ல வச்சா. ஷைனி பக்கத்து மேசையில இன்னொரு குழாய்ல பேரு எழுதி ஒட்ட ஆரம்பிச்சா. இனி கொஞ்ச நேரத்துக்கு வெளிய ஒண்ணும் நடக்காது, நீங்க கொட்டாவி விட்டுக்கிடலாம். நடந்ததெல்லாம் அந்தக் குனிஞ்ச தலைக்குள்ளதான்.

எச்சி வரல. வேணும்னு நினைச்சா வராது, கரிசக்காட்டு மழை மாதிரி. நாக்கு மேல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, கன்னத்துக்குள்ள ரெண்டு பக்கமும் எரியுது. காலையிலருந்து பச்சத்தண்ணி படல, படக் கூடாதுன்னுட்டாக, பல்லும் விளக்கக் கூடாது, ஊத்த வாயோட அப்படியே வரணும். ஊத்த வாயோட வாங்கன்னு வெத்தலை வைக்காத குறையாக் கூப்பிட்ட ஒரே டாக்டர் நீங்கதான் தாயின்னு சொல்ல வருது, சொல்லக் கூடாது, முழுங்கவும் கூடாது, அப்ப சொல்லாத சொல்லு எங்க போகும், புனல் வழியா விழுமோ. போன வருசம் ஆடியிலயா, ஆவணியிலயா, வெள்ளரிப்பிஞ்சுக்குத் தூவ மிளகாப்பொடியும் உப்பும் கலந்து விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாக்கா, தீக்கங்கை வச்ச மாதிரி இருந்துச்சு. கலப்படப் பொடி போட்டு என் பொழப்பைக் கெடுக்கியான்னு கடைக்காரனைப் போய் ஏசிட்டு வந்தா. பாவம் அவன். மிளகா பழைய மிளகாதான், வாய்தான் மாறிப்போச்சு. உதட்டைப் பிதுக்கிக் கண்ணாடியில பாத்தா கன்னத்துக்குள்ள வெள்ளை வெள்ளையாக் கோடு, சிலந்தி கூடு கட்டுன மாதிரி. ஈறு செவந்து கிடக்கு, தொட்டா ரத்தம். மணத்தக்காளிக் கீரை தின்னா, தேங்காப்பால் கொப்புளிச்சா, கொய்யாக் கொழுந்து மென்னா, காளியாத்தாளுக்கு வெள்ளித் தகட்டுல வாய் அடிச்சுப் போட்டா. ஆத்தா வாயை வாங்கி உண்டியல்ல வச்சுக்கிட்டா, எரிச்சலை மட்டும் திருப்பிக் குடுத்துட்டா. அப்புறம்தான் இந்த மாடி. கன்னத்துல ஒரு கிள்ளு சதை எடுத்துப் பாத்துட்டு ஷைனி ஒரு பேரு சொன்னா, லைக்கன் என்னமோ, பேரைப் பாத்தா வெள்ளைக்காரி மாதிரி இருக்கு. "உங்க உடம்பே உங்க வாய்த்தோலை எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுதும்மா." பஸ் ஸ்டாண்டு உடம்புலா, அதுக்குச் சண்டைய சொல்லிக் குடுக்கணுமாக்கும். "ஒட்டுவாரொட்டி இல்ல, பயப்படாதீங்க. மத்தவங்களுக்குத் தொத்தாது." தொத்தாது. இந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிடலாம்னு பாக்கா, பிடிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த சொல்லு வந்து கையைத் தட்டிவிடுது.

அடுத்த சொல்லு என்னன்னா, வாய்க்குள்ள ஒரு ஊரு இருக்குன்னு ஷைனி சொன்னது. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நூத்துக்கணக்கான சாதி. உள்ளயும் சாதியான்னு கேட்டா இவ, அந்தப் பிள்ளை சிரிச்சிருச்சு. முக்காவாசி நல்லவுகளாம், காவலே அவுகதானாம். எப்பவோ ஒரு நேரம் ரவுடிப்பயலுக கை ஓங்கிருது, ஈறும் கன்னமும் ஆறாத புண்ணாவே கிடக்கு, புண்ணு கிடக்கக் கிடக்க ரவுடிக்குக் கொண்டாட்டம். ரவுடி வந்து புண்ணாச்சா, புண்ணாயி ரவுடி வந்தானா, அது இன்னும் யாருக்கும் சரியாப் பிடிபடலையாம், அதைப் பாக்கத்தான் உங்க எச்சின்னா. படிச்சவுகளுக்கே பிடிபடாததை என் எச்சி வந்து சாட்சி சொல்லணுமாக்கும்னு இவ சொன்னா. அதோட நிப்பாட்டியிருக்கலாம். வாய் நிக்கணும்லா. "இந்தக் குடியானவுக எல்லாம் முதல்ல எங்கருந்து தாயி வந்தாக?" "பிறக்கும்போது வாய் கிட்டத்தட்ட காலி வீடும்மா. பெறகு தாய்கிட்டருந்து, முத்தம் குடுக்கவங்ககிட்டருந்து, ஊட்டிவிடுற கையிலருந்து ஒவ்வொருத்தரா குடி வருவாங்க." அது போன மாசம். போன மாசம் அது ஒரு நல்ல பேச்சா இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டுல பூக்காரிகிட்டச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சாக, ஏட்டி உன் வாய்க்குள்ள எந்த ஊரு, எட்டயபுரமா, கயத்தாறான்னு. இப்ப அது மீன்முள்ளு மாதிரி தொண்டையில நிக்கி. காலி வீடு. காலி வீட்டுக்கு முதல்ல குடி வச்சது யாரு.

சன்னல் வழியாப் பாத்தா, இல்ல, பாக்கக் கூடாது, தலை குனிஞ்சே இருக்கணும், ஆனா பாக்காட்டியும் தெரியுது, வேப்பமரத்துக்கு அந்தால மஞ்சக் கட்டடம், அதுல பச்சப்பிள்ளை வார்டு. அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள தம்பி கனிராஜ் மக கிடக்கா. கல்யாணமாகி எம்புட்டோ வருசம், ஏறாத கோயில் இல்ல, தின்னாத லேகியம் இல்ல, கடைசியில அவன் பொண்டாட்டி வேணி வயித்துல ஒண்ணு தங்கி, தங்கினது தரிச்சு, முழுசாப் பொறந்துச்சு, பொறந்தப்ப வார்டே திரும்பிப் பாக்க அழுதுச்சு. இன்னைக்கு அழுகை இல்ல. ரத்தத்துல கிருமி கலந்துருச்சாம். காலுல ஊசி, மூக்குல குழாய், நெஞ்சு மட்டும் அணில் மாதிரி ஏறி எறங்குது. என்ன கிருமின்னு ரத்தத்தை எடுத்து வளத்துப் பாக்காகளாம். கிருமியவா வளப்பாக, பிள்ளைய வளக்கச் சொல்லி ஒப்படைச்சா. ஒரு சொட்டு விழுந்துச்சு புனல்ல. எந்தச் சொட்டுன்னு இவளுக்கே தெரியல, வாயிலருந்தா, கண்ணுலருந்தா. கண்ணீர் கலக்கலாமான்னு கேக்கணும். பேசக் கூடாது. கலந்தா அந்த ஊருக்குள்ள உப்பு மழை பெஞ்ச மாதிரி இருக்கும், சாகட்டும் ரவுடிப்பயலுக, சாகட்டும், நல்லவுகளும் சேந்து சாகட்டும், ஊரே அழியட்டும், அழிஞ்சா மட்டும் வச்சது வைக்காததா ஆயிருமா.

வச்சது. சேனை. பொறந்த பிள்ளை நாக்குல முதமுதல்ல சீனித்தண்ணி தொட்டு வைக்கிறது, யாரு வைக்காகளோ அவுக குணம் பிள்ளைக்கு வரும்னு ஒரு நம்பிக்கை, நம்ம பக்கத்துல யாரும் விட மாட்டாக. எவனாவது வாயாடுனா, உனக்கு யாருலே சேனை வச்சதுன்னுதான கேப்போம். ஆவுடைக்கு இதுல தனி மருவாதி உண்டு. டீக்கடை முத்தையா மகனுக்கு இவதான், டவுன் பஸ் கண்டக்டர் பேத்திக்கு இவதான், போலீஸ்காரர் சம்சாரமே வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போச்சு, எம்புள்ள ஊமக்கோட்டானா ஆயிரக் கூடாது ஆவுடைன்னு. அந்தப் பிள்ளைக எல்லாம் இப்ப பேசுற பேச்சைக் கேக்கணும், முத்தையா மகன் வாத்தியாரையே ஸ்கூலை விட்டு ஓட வைக்கான். எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. அப்ப இதுக்கும் இவளால ஆகல. ஆமா. ஆகல. ஆனா அதெல்லாம் வாய் கெடுறதுக்கு முந்தி. அப்ப ஊருக்குள்ள நல்லவுக ஆட்சி. இது ரவுடி ஆட்சியில வச்ச சேனை. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். நர்சம்மா அம்புட்டுச் சொல்லுச்சு, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வாயில படக் கூடாதுன்னு. கனிராஜ் வாசல்ல காவலுக்கு நின்னான், யாரும் வாராகளான்னு பாக்க, நல்ல காவக்காரன். வேணி படுத்த வாக்குல கையைப் பிடிச்சா. "மயினி, சீக்கிரம் வச்சிருங்க. எம்புள்ள என்னைய மாதிரி ஆயிரக் கூடாது." வேணி வாயில்லாதவ. பள்ளிக்கூடத்துல பேரு கேட்டா அழுதவ. கட்டிக்குடுத்த வீட்டுல குழம்புல உப்பு இல்லன்னு யாரும் சொல்லாட்டி, உப்பில்லாமலே தின்னுட்டு எந்திரிக்கிற பிள்ளை. அவ வாழ்க்கையில வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். எப்படி மாட்டேங்க.

மாட்டேன்னு சொல்லாதது தப்பில்ல. வச்சதும் தப்பில்லன்னு வச்சுக்கிடுவோம், ஊரு உலகமே வைக்கி. தப்பு எங்க இருக்குன்னா விரல்ல இருக்கு. வலது கை, ஆட்காட்டி விரலு. இப்பக்கூட அந்த விரலுதான் குழாயைப் பிடிச்சுக்கிட்டிருக்கு, வெக்கமில்லாம. தினமும் விடிஞ்சதும் பொடி கலந்து, உப்பு சரியா, உறைப்பு சரியான்னு அந்த விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்து, பாத்து, விரலுக்கே தெரியும், சட்டியில பட்டா அடுத்து நாக்கு. யோசனை வேண்டாம், சொல்ல வேண்டாம், மாடு வீட்டுக்கு வார மாதிரி வந்துரும். அன்னைக்கும் வந்துச்சு. டம்ளர் மூடியில சீனித்தண்ணி. விரல் தண்ணிக்குப் போச்சு, தண்ணியிலருந்து இவ நாக்குக்குப் போச்சு, கரைஞ்சிருக்கான்னு பாக்க. வாய் எரிச்சல்ல இனிப்பு சரியாத் தெரியல, அதனால இன்னொரு தடவை தொட்டு, இன்னொரு தடவை நாக்குல வச்சு, நாக்குலருந்து திரும்பத் தண்ணிக்கு, தண்ணியிலருந்து பிள்ளை நாக்குக்கு. பிள்ளை சப்புச்சு. ரோசாப்பூ நெறத்துல நாக்கு, அதை நீட்டி விரலைப் பிடிச்சுச் சப்புச்சு, பாருட்டி வேணி எப்படிச் சப்புதான்னு, பொண்டுகளுக்குப் பேசக் கத்துக் குடுக்கணுமான்னு இவ சொன்னா, வேணி சிரிச்சா. ராத்திரி படுத்தப்பதான் விரல் போன வழி ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்ததும் எந்திரிச்சு உக்காந்தா. காலி வீடு. தொத்தாதுன்னு சொன்னாளே. நோய் தொத்தாது. கிருமி குடி போகும்னும் சொன்னாளே. ரெண்டையும் அவதான் சொன்னா, ஒரே வாயால. ரெண்டுல எது இந்தப் பிள்ளைக்கு. இவளுக்குச் சேனை வச்சது வெள்ளத்தாய் அத்தை. அத்தையும் வாய்க்காரி, சந்தையில நின்னா மாட்டுத் தரகன் ஒதுங்கிப் போவான், அத்தையும் கடைசியில கஞ்சித்தண்ணியத் தவிர ஒண்ணும் முழுங்க முடியாம, வாய் எரியுதுட்டி வாய் எரியுதுட்டின்னு ஈரத்துணிய வாயில வச்சுக்கிட்டே செத்துப்போனா. அவ பேச்சு மட்டும் வந்துச்சுன்னு இவ நினைச்சிருந்தா. பேச்சு வார வழியிலயே மத்ததும் வருமோ. அத்தைக்கு யாரு வச்சாகளோ. எந்தக் காலத்துலருந்து எந்த விரல் வழியா வந்துக்கிட்டிருக்கோ, ஒருத்தி வாயிலருந்து ஒருத்தி வாய்க்கு, சிரிச்சுச் சிரிச்சுக் குடுத்துக்கிட்டே.

குழாய்ல கொஞ்சம் விழுந்திருக்கு, நுரையா, நடுவுல செவப்பா ஒரு நூலு. ஈறு ரத்தம். ஷைனி எட்டிப் பாத்துட்டு, "வருதும்மா, நல்லா வருது, இன்னும் கொஞ்ச நேரம்"னு சொல்லிட்டுப் போனா. நல்லா வருதாம். எது வருது. அந்தப் பிள்ளை கண்ணுக்கு இது பாடம். இதைக் கொண்டுபோய் ஏதோ மிசின்ல வச்சு, உள்ள யாரு யாரு குடியிருக்காகன்னு வாக்காளர் பட்டியல் மாதிரி எடுத்துருவாகளாம். எடுத்துட்டு, மஞ்சக் கட்டடத்துல பிள்ளை ரத்தத்துல வளந்த கிருமியையும் எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா. ஒத்த மூஞ்சி. அப்ப என்ன பண்ணுவாக. போலீசா. போலீஸ் வரட்டும், சேனை வச்ச வீட்டுப் போலீசே வரட்டும். வேணி மூஞ்சிய என்ன பண்ண. முந்தாநாள் பிள்ளைக்குப் பாக்குற டாக்டர் வார்டுக்கு வெளிய வந்து கேட்டாரு, கனிராஜும் இவளும்தான் நின்னாக. "குழந்தைக்கு வாயில ஏதாச்சும் குடுத்தீங்களா? சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால், எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்." திட்ட மாட்டேன்னு வேற சொன்னாரு அந்த மனுசன். தூங்காத கண்ணு. சொல்லியிருக்கலாம். கனிராஜ் அக்கா மூஞ்சியப் பாத்தான். அவன் பாத்த ஒரு நொடியில, மனசு ஆமான்னு எந்திரிக்கதுக்குள்ள, நாக்கு முந்திக்கிட்டு ஓடிருச்சு. "கழுதைப்பாலுக்கு நாங்க எங்க போக டாக்டர், எங்க வீட்டுல இருக்க ஒரே கழுதை இந்தா நிக்கானே எந்தம்பிதான். ஒண்ணும் குடுக்கல, தாய்ப்பால்தான்." டாக்டரு சிரிச்சாரு. அந்தத் தூங்காத கண்ணோட சிரிச்சு, சீட்டுல என்னமோ எழுதிட்டு உள்ள போயிட்டாரு. சிரிச்சதாலதான் ரெண்டாவது தடவை கேக்கல. பகடி பண்ணாம வெறுமன இல்லன்னு சொல்லியிருந்தா, மூஞ்சியில தெரிஞ்சிருக்கும், இன்னொரு தடவை கேட்டிருப்பாரு. வாய்னால பொழச்சவ. வாய்னால ஊருக்கே நல்லவ. அந்த வாய் ஒரு நொடியில ஒரு கதவைச் சாத்திருச்சு, சாத்துற சத்தம் கேக்காம இருக்க ஒரு சிரிப்பையும் வச்சு. சொன்னா மருந்து மாறுமோ. மாறுனாப் பொழைக்குமோ. இல்ல ஏற்கெனவே எல்லா மருந்தும் ஏத்திட்டாகளோ, அப்ப சொல்லி என்ன ஆகப்போகுது, ஒரு குடும்பம்தான் உடையும். இப்படி ஒரு நினைப்பு. இல்லட்டி, சொல்லாட்டிப் பிள்ளைதான் போகும். இப்படி ஒரு நினைப்பு. ரெண்டு நினைப்பும் ரெண்டு பஸ் மாதிரி ஒரே சந்துக்குள்ள எதிரும் புதிருமா நின்னு ஆரன் அடிக்கி, எவனும் பின்னால எடுக்க மாட்டேங்கான். இன்னைக்கு இங்க வரணும்னு தேதி முந்தியே குடுத்தது. வராம இருந்திருக்கலாம். அங்க பெஞ்சியில வேணி பக்கத்துல உக்கார முடியாமத்தான் வந்தா, பல்லு டாக்டர் கூப்பிட்டுட்டாக வேணி, போகாட்டி ஏசுவாகன்னு. நல்ல சாக்கு. இங்க வந்தா பேசக் கூடாதுன்னுட்டாக, அம்மாடி தப்பிச்சோம்னு ஒரு நொடி இருந்துச்சு, அந்த ஒரு நொடிக்காகவே இவள நடுத்தெருவுல வச்சுச் செருப்பால அடிக்கலாம்.

"போதும்மா"ன்னா ஷைனி. குழாயை வாங்கி மூடியப் போட்டா. "இனிமே நீங்க எவ்வளவு வேணாலும் பேசலாம்."

ஆவுடை நிமிந்தா. கழுத்து பிடிச்சிருந்துச்சு. முந்தானையால வாயைத் தொடச்சா. ஷைனி காத்துக்கிட்டு நின்னா, இந்தம்மா வாயத் தொறந்தா ஏதாச்சும் பகடி வரும்னு உதட்டுல சிரிப்பைத் தயாரா வச்சுக்கிட்டு. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் நாக்கு நுனிக்கு ஒண்ணு வந்துச்சு, நல்ல பகடிதான், ஊரே சிரிக்கும். இவ கையால வாயைப் பொத்தினா. பொத்திக்கிட்டே சொன்னா. "தாயி, எந்தம்பி பிள்ளைக்குச் சேனை வச்சேன். விரலை எம்வாயில வச்சுட்டு வச்சேன். டாக்டர் கேட்டப்ப இல்லன்னுட்டேன். பிள்ளை எதிர்க்க வார்டுல கிடக்கு."

ஷைனி உதட்டுல இருந்த சிரிப்பு எறங்க இடம் தெரியாம அங்கேயே நின்னுச்சு. "எந்தக் கையால வச்சீங்க?"ன்னு சம்பந்தமில்லாம ஒரு கேள்வி கேட்டா, பெறகு கையுறையைக் கழத்தி எறிஞ்சா. "வாங்க. அவங்ககிட்ட இப்பவே சொல்லணும்."

"சொன்னாப் பொழச்சுக்கிடுமா தாயி?"

"எனக்குத் தெரியாதும்மா. வாங்க."

பிள்ளை டாக்டர் நின்ன வாக்குல கேட்டாரு. சொன்ன மாதிரியே திட்டல. அது இன்னும் மோசமா இருந்துச்சு. எப்ப வச்சீங்க, எம்புட்டு வச்சீங்க, வாயில எம்புட்டு நாளாப் புண்ணுன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. ஷைனிகிட்ட இங்கிலீசுல ஏதோ பேசினாரு, அவ ஏதோ சொன்னா, இன்னொரு மருந்து சேக்கச் சொல்லி நர்சம்மாவை அனுப்பினாரு.

"என்னாலதான டாக்டர்?"

"இருக்கலாம்."

"அப்ப..."

"இல்லாமலும் இருக்கலாம்மா. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க. அதுலயும் வந்திருக்கலாம். என்ன கிருமின்னு ரத்தப் பரிசோதனை சொல்லும். எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லாது."

"எப்பவுமே சொல்லாதா?"

"பெரும்பாலும் சொல்லாது. ஆனா அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கணும்"னுட்டு அவரு உள்ள போயிட்டாரு. தூக்குல போடுங்கன்னு கழுத்தை நீட்டினவளை, கயிறு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுதோம் உக்காருங்கன்னு பெஞ்சியில உக்கார வச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தப் பெஞ்சியில வேணி இருந்தா. எல்லாம் அவ காதுல விழுந்திருக்கும், கதவு தொறந்துதான் கிடந்துச்சு. கனிராஜ் மருந்து வாங்க ஓடியிருந்தான். ஆவுடை பக்கத்துல உக்காரல, தரையில உக்காந்தா.

"வேணி. கேட்டியா?"

"நான் அன்னைக்கே பாத்தேன் மயினி."

"எதை?"

"நீங்க விரலை வாயில வச்சதை."

"பாத்துட்டுமாட்டி சும்மா கிடந்த? பிடிச்சுத் தள்ளியிருக்கலாம்லா என் கையை."

வேணி மடியைப் பாத்துக்கிட்டே சொன்னா. பால் கட்டி, சேலை முன்னால நனைஞ்சிருந்துச்சு. "வெறும் சீனிக்குப் பேச்சு வருமா மயினி. உங்க எச்சி பட்டாத்தான வரும்னு நினைச்சேன். நல்லாப் படட்டும்னு நினைச்சேன்."

"டாக்டர் உங்கிட்டக் கேக்கலியா?"

"கேட்டாக. வெளிய மயினி என்ன சொன்னாகளோ அதான்னேன்."

ஏசினா வாங்கிக்கிடலாம்னு இவ காத்திருக்கா, அவ ஏச மாட்டேங்கா, ஏசத் தெரியாத பிள்ளை அது. ஏசத் தெரிஞ்ச ஒருத்தி வேணும்னுதான அம்புட்டும். நர்சம்மா கதவுல தலைய நீட்டி, தாயோ அத்தையோ, ஒருத்தர் மட்டும் வரலாம்னு சொல்லுச்சு. வேணி எந்திரிக்கல.

"நீங்க போங்க மயினி."

"நானா?"

"பேசினாக் கேக்குமாம். நர்சம்மா சொன்னாக. நான் காலையில போயி நின்னேன், எனக்கு என்ன பேசன்னு தெரியல. நின்னுட்டு வந்துட்டேன். நீங்க போயி ஏதாச்சும் பேசுங்க."

பச்சை அங்கி மாட்டிவிட்டாக, வாயில துணி கட்டிவிட்டாக, கை கழுவச் சொன்னாக. கழுவினா. அந்த ஒரு விரலை மட்டும் நர்சம்மா போதும்மா போதும்மாங்க வரைக்கும் கழுவினா. கண்ணாடிப் பெட்டி பக்கத்துல நின்னா. பிள்ளை கண்ணு மூடிக் கிடக்கு, உதடு உலந்து கிடக்கு, அணில் நெஞ்சு ஏறுது, எறங்குது, எறங்கினது ஏறுமான்னு பாத்தா, ஏறுது. "அத்தை வந்திருக்கேன்"னு ஆரம்பிச்சா. அடுத்த சொல்லு தன்னால வந்துச்சு, உலகத்துல எல்லா அத்தையும் சொல்லுற சொல்லு, உனக்கு ஒண்ணும் ஆகாதுட்டின்னு. பல்லு வரைக்கும் வந்துருச்சு. அங்க நிறுத்திட்டா. ஒண்ணும் குடுக்கலன்னு சொன்ன அதே லேசுல, அதே வேகத்துல வந்துச்சு அது, அதான் நிறுத்திட்டா. இந்தப் பிள்ளைக்கு முன்னால நெசமா இருக்க சொல்லு எதுவும் உண்டான்னு உள்ள தேடினா, கூடையக் கவுத்திப் போட்டுத் தேடுற மாதிரித் தேடினா. ஒண்ணே ஒண்ணுதான் அம்புட்டுச்சு. "அத்தை நிக்கேன்"னா. கொஞ்சம் கழிச்சு அதையே திரும்பச் சொன்னா. வேற எதுவும் சொல்லல. வெளிய போகச் சொல்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு நின்னா.

பிள்ளை என்னாச்சுன்னு என் மூஞ்சியப் பாக்காதீக. அவ துணி எடுத்துட்டுப் போற வரைக்கும் அது அந்தப் பெட்டிக்குள்ளதான் கிடந்துச்சு, அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரியாததை அடிச்சுவிட மாட்டேன். தெரிஞ்சதைச் சொன்னதுக்கே தொண்டை வறண்டு கிடக்கு. ஏவே, கண்ணைத் தொடைக்கிற சாக்குல நைசா எந்திரிக்கீரே, உம்மத்தான். அழுதாக் கூலி கழிஞ்சிருமா? அந்தக் கடையில எனக்கொரு பன்னீர் சோடா சொல்லும், குளுந்ததாப் பாத்து. மத்தவுக ஆளுக்கொரு மெதுவடை. வடை வார வரைக்கும் ஒருத்தரும் பஸ் ஏறக் கூடாது, டிரைவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.